சங்கரன் நாயரின் மாறுபட்ட தீர்ப்பைத் தமிழில் தாருங்கள்: கடலூர் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களுக்கும், முக்கியமாக இன்னும் ஜூனியர்களாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். உங்களில் மூத்தவர்கள் பலருக்கு என்னை முகம் தெரியும். 1983-ல் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். முன்சீப் கோர்ட், சப் கோர்ட், ஜில்லா கோர்ட் என்று இந்த மாவட்டத்துக்குள்ளேயே மாறி மாறி இருந்துவிட்டு, 2018-ல் சிரஸ்தாராக, அதாவது கோர்ட் ஆபீஸின் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றேன். மஞ்சக்குப்பத்தில்தான் வீடு. இப்போதும் காலை பத்து மணி ஆனால் டவாலி பெயர் கூப்பிடும் குரல் காதில் விழுவது போலவே இருக்கிறது.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது போன ஏப்ரலில் கோர்ட் எதிரே டீக்கடையில் கேட்ட ஒரு பேச்சு. ஜாலியன்வாலாபாக் நினைவு நாள். மூன்று இளம் வக்கீல்கள் கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் சங்கரன் நாயர் என்ற பெயர் வந்தது. ஒரு தம்பி, "யாருப்பா இவரு, டெல்லி வக்கீலா?" என்றார். இன்னொருவர், "கேரளாக்காரர் போல, நமக்குச் சம்பந்தமில்லை" என்றார். அப்புறம் டீ குடித்துவிட்டுக் கோர்ட்டுக்குள் போய்விட்டார்கள்.

அந்தத் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அன்று அவர்கள் போய் உட்கார்ந்த சீனியர் அறையில், நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி ஒன்று இருக்கும். அதில் வரிசையாக, முதுகில் பொன்னெழுத்து மங்கிப்போன எம்.எல்.ஜே. தொகுதிகள் நிற்கும். மெட்ராஸ் லா ஜர்னல். 1891-ல் தொடங்கிய அந்த இதழைத் தொடங்கி நடத்தியவர்களில் ஒருவர்தான் சேட்டூர் சங்கரன் நாயர். மெட்ராஸ் ரிவ்யூ என்று இன்னொரு பத்திரிகையையும் தொடங்கி ஆசிரியராக இருந்தார். நமக்குச் சம்பந்தமில்லை என்று சொன்ன தம்பி, தினமும் அவருடைய உழைப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்து வக்காலத்து எழுதுகிறார்.

நான் கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1912-ல் கலெக்டர் ஆஷ் கொலை வழக்கில் நீதிபதி சங்கரன் நாயர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை நீங்கள் தமிழில் கொண்டுவர வேண்டும். கடலூரில் இருந்து, கடலூர் வக்கீல்கள் செய்ய வேண்டும். ஏன் அந்தத் தீர்ப்பு, ஏன் நம் ஊர் என்பதைச் சொல்லத்தான் மீதிக் கடிதம்.

அவர் பிறந்தது 1857 ஜூலை 11, பாலக்காடு பக்கம் மங்கரை. அன்றைக்கு அது நம் சென்னை மாகாணம்தான். படிப்பு சென்னை மாநிலக் கல்லூரியில், பிறகு சட்டம். 1878-ல் முத்துசாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தபோது, ஓர் இந்தியனை அந்த நாற்காலியில் உட்கார வைப்பதா என்று வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகள் எதிர்த்து எழுதின. அதற்குப் பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும் என்று திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கடன் வாங்கி ஆரம்பித்ததுதான் தி ஹிந்து. அந்த ஆறு பேரில் பெரும்பாலோர் சட்ட மாணவர்கள். நாயரும் அப்போது சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், மறு வருடம் பட்டம் வாங்கினார். ஒரு நீதிபதிக்காகப் பத்திரிகை பிறந்த ஊரில் அவர் மாணவராக இருந்தார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். கோர்ட்டும் பத்திரிகையும் அரசியலும் தனித்தனி வீடுகள் என்று அந்தத் தலைமுறை நினைக்கவில்லை.

1880-ல் ஹொரேஷியோ ஷெப்பர்ட் என்ற ஆங்கிலேய வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்தார். இந்த இடத்தை ஜூனியர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள். இந்திய வக்கீல் யாரும் ஆங்கிலேய பாரிஸ்டருக்குக் கீழே ஜூனியராக வேலை செய்யக் கூடாது என்று சென்னை வக்கீல்கள் ஒரு தீர்மானம் போட்டார்களாம். கேட்டால் நியாயமான, ரோஷமான தீர்மானம். நாயர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த வக்கீலை வைத்துக்கொள்வது என்பது கட்சிக்காரரின் உரிமை, அதில் வக்கீல்கள் கை வைக்கக் கூடாது என்றார். மற்ற வக்கீல்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்ப்பது வேறு, கட்சிக்காரன் உரிமையைப் பறிப்பது வேறு என்று பிரித்துப் பார்க்க இருபதுகளில் இருந்த ஒரு வக்கீலால் முடிந்திருக்கிறது. தன் பக்கத்து ஆட்களையே எதிர்த்து நின்ற அந்தக் குணம் அவரைக் கடைசி வரை விடவில்லை.

1897 டிசம்பரில் அமராவதியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைவர். அதே வருடம் செப்டம்பரில்தான் திலகரைப் பத்திரிகையில் எழுதியதற்காக ராஜத்துரோகம் என்று சொல்லிப் பதினெட்டு மாதம் கடுங்காவலுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தச் சூழ்நிலையில் மேடையேறி, இந்தியாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று பேசினார். சென்னைச் சட்டமன்றத்தில் இருந்தபோது மலபார் திருமணச் சட்டத்துக்கான மசோதாவைக் கொண்டுவந்ததும் அவர்தான், 1896-ல் அது சட்டமானது. பிறகு அட்வகேட் ஜெனரல், 1908-ல் உயர் நீதிமன்ற நீதிபதி.

இன்றைக்கு ஒருவர் கட்சி மேடையில் இருந்துவிட்டு நீதிபதி ஆனால் ஊரே பேசும். பேச வேண்டியதுதான், அந்தக் கவலை எனக்கும் உண்டு. முப்பத்தைந்து வருடம் நீதிபதிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். மேடையில் பேசிப் பழகியவர் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்கப் பழகுவாரா என்பதுதான் கேள்வி. நாயர் விஷயத்தில் இதற்கு ஒரு பெரிய சோதனை வந்தது.

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார். இந்தக் கதை நம் எல்லோருக்கும் பாடப் புத்தகத்தில் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் தெரியாது. சுட்டவர் இறந்துவிட்டார், ஆனால் சதி என்று பதினான்கு பேர் மீது வழக்கு. நீலகண்ட பிரம்மச்சாரி முதல் எதிரி. சாதாரண செஷன்ஸ் விசாரணை இல்லை, ஜூரி இல்லை. உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட தனி பெஞ்ச்: தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதி அய்லிங், நீதிபதி சங்கரன் நாயர்.

அரசாங்கம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஆங்கிலேய கலெக்டர் பட்டப்பகலில், மனைவி பக்கத்தில் இருக்கும்போது கொல்லப்பட்டிருக்கிறார். லண்டன் வரை அதிர்ந்திருக்கிறது. வழக்கில் அப்ரூவர்களின், அதாவது குற்றத்தில் தன் பங்கை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர்களின், சாட்சியம் பெரிய பங்கு வகிக்கிறது. தீர்ப்பு எழுத வேண்டிய மூவரில் இந்தியர் இவர் ஒருவர்தான், அதிலும் பழைய காங்கிரஸ் தலைவர். மற்ற இருவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சதிக் குற்றச்சாட்டில் அவர்களோடு ஒத்துப்போகாமல் தனியாக ஒரு தீர்ப்பை எழுதி வைத்தார்.

பெரும்பான்மைத் தீர்ப்புதான் செல்லும், அது எல்லோருக்கும் தெரியும். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருடம். வழக்கு பிறகு ஐந்து நீதிபதிகள் முன் போனது, அங்கேயும் பெரும்பான்மை தண்டனையையே உறுதி செய்தது. ஆக, நாயர் எழுதிய அந்தத் தாள்களால் அன்று ஒரு ஆள்கூட ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போகவில்லை. அப்படியிருக்க ஏன் எழுத வேண்டும்?

இதற்கு என் அனுபவத்தில் இருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில் தீர்ப்பு அடிப்பது ரெமிங்டன் மிஷினில். ஒரு மூலம், மூன்று நான்கு கார்பன். சாயங்காலம் விரல் நுனியெல்லாம் நீலமாக இருக்கும், வீட்டில் சோறு பிசையும்போதுகூட அந்த வாசனை போகாது. கடைசி கார்பனில் எழுத்து புகை போல விழுந்திருக்கும். ஒரு தப்பு அடித்தால் நான்கு தாளிலும் ரப்பர் வைத்துத் தேய்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு நகலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஒருநாள் ஒரு ஆயா வந்தார். நெல்லிக்குப்பம் பக்கம், கரும்பு நிலம், வரப்புத் தகராறு. கேஸ் தோற்றுவிட்டது. தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. வக்கீல் வீட்டுக்குப் போனால் பிறகு வா என்கிறார்களாம். மதியச் சாப்பாட்டு நேரம், ரெக்கார்டு அறை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மா, தோத்துட்டேன்னு சொல்லிட்டாங்க. அது தெரியும். நான் கூண்டுல ஏறிச் சொன்னேனே, அத இதுல எழுதிருக்காங்களா, அத மட்டும் பாத்துச் சொல்லு கண்ணு."

நான் நின்றுகொண்டே புரட்டினேன். பன்னிரண்டு பக்கம் இருக்கும். ஏழாவது பக்கத்தில் இருந்தது. வரப்பு ஓரத்தில் தன் மாமனார் நட்ட பனை மரம் இருந்தது என்றும், அதை வெட்டிய பிறகுதான் தகராறு வந்தது என்றும் இரண்டாம் சாட்சியான இந்தப் பெண் சொல்கிறார், அதற்கு ஆதாரம் இல்லை என்று இரண்டு வரி. தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். எந்த இடம் என்று கேட்டு, அந்த வரிகள் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பிறகு தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மரம் இருந்ததுன்னு எழுதிட்டாங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தீர்ப்பு என்றால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும். தோற்றவர் சொன்னதும் காகிதத்தில் ஏறியிருக்க வேண்டும். அதை ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். 1912-ல் சென்னையில், இருவருக்கு எதிராக ஒருவராக உட்கார்ந்து சங்கரன் நாயர் செய்தது அந்த வேலைதான் என்று நான் நம்புகிறேன். அவர் கொலையை நியாயப்படுத்தவில்லை. சுட்டவர் இறந்துபோன பிறகு, மற்றவர்கள் மேல் சொல்லப்படும் குற்றம் நிரூபணம் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். அப்ரூவர் சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்று நீங்கள் இன்றும் வாதாடுகிறீர்கள். அந்த வாதத்தின் வேர்களில் ஒன்று இந்த வழக்கில் இருக்கிறது.

சரி, இதற்கும் கடலூருக்கும் என்ன?

நம் ஊரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஏறுங்கள். ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை. முக்கால் மணி நேரத்துப் பயணம். முள்ளோடையைத் தாண்டினால் அன்று அது பிரெஞ்சு மண். ஆங்கிலேய போலீஸ் கை நீட்ட முடியாத இடம். 1908-ல் பாரதி அங்கே போய் 'இந்தியா' வாரப் பத்திரிகையை நடத்தினார். 1910-ல் இங்கே புதிதாகப் பத்திரிகைச் சட்டம் வந்தது, 'இந்தியா' எல்லை தாண்டி வர முடியாமல் போய் அதே வருடம் நின்றது. வ.வே.சு. ஐயர் வந்து சேர்ந்ததும் அந்த ஊருக்குத்தான். வாஞ்சி புதுச்சேரிக்குப் போய் அவரிடம் துப்பாக்கி சுடப் பழகினார் என்பது ஆஷ் வழக்கைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வது. ஆகவே, சென்னையில் நடந்த அந்த வழக்கின் நிழல் நேராக நம் பக்கத்து ஊரின் மேல்தான் விழுந்தது. கொலைக்குப் பிறகு புதுச்சேரியில் இருந்த தேசபக்தர்களை ஒற்றர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

பத்து வருடம் இப்படி இருந்துவிட்டு, 1918 நவம்பர் 20-ம் தேதி பாரதி எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். உடனே கைது. கொண்டுவந்து வைத்தது நம் கடலூர்ச் சிறையில். இங்கிருந்துதான் கவர்னர் பென்ட்லண்டுக்கு மனு எழுதினார். டிசம்பர் 14-ல் விடுதலை. அந்த இருபத்து நான்கு நாட்களைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம், மாலை போடுகிறோம். அவர் கடலூரில் சிறையில் இருந்த அதே நாட்களில், சங்கரன் நாயர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் ஒரே இந்திய உறுப்பினராக இருந்தார் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 1915-ல் நீதிபதி பதவியை விட்டுவிட்டு அங்கே போயிருந்தார், கல்வித் துறை அவர் கையில்.

அங்கேயும் அவர் பழைய ஆள்தான். 1919-ல் மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தங்களைப் பற்றி இந்திய அரசாங்கம் லண்டனுக்கு எழுதியபோது, அதில் மாறுபட்டு இரண்டு குறிப்புகள் எழுதினார். கோர்ட்டில் எழுதிப் பழகிய கை அரசாங்கத்திலும் அதையே செய்தது. அவரோடு பேசி ஜெயிக்கவே முடியாது, உரக்கக் கத்துவார், விட்டுக்கொடுக்க மாட்டார் என்று லண்டனில் இந்தியாவுக்கான மந்திரியாக இருந்த மாண்டேகுவே அலுத்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் வந்தது 1919 ஏப்ரல் 13. அமிர்தசரஸின் ஜாலியன்வாலாபாகில், நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த மைதானத்தில் கூடியிருந்த ஜனங்கள் மேல் 1,650 ரவுண்டு. அரசாங்கமே ஒத்துக்கொண்ட சாவு 379. பஞ்சாபில் ராணுவச் சட்டம், பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு. ஜூலையில் நாயர் ராஜினாமா செய்தார். இந்திய அரசாங்கத்தில் இந்தியர் ஒருவருக்கு அன்று கிடைக்கக்கூடிய ஆக உயர்ந்த பதவி அது.

விடைபெறப் போனபோது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். உங்கள் இடத்துக்கு யாரைப் போடலாம் என்று வைசிராய் செம்ஸ்போர்டு கேட்டாராம். நாயர் வாசலில் சரிகைத் தலைப்பாகையும் சிவப்பு உடுப்புமாக நின்ற டவாலியைக் காட்டி, இவரைப் போடுங்கள், உயரமாக இருக்கிறார், உடுப்பு நன்றாகப் பொருந்துகிறது, நீங்கள் எது சொன்னாலும் சரி என்பார் என்றாராம். என்னோடு வேலை பார்த்த டவாலிகளை நினைத்துக்கொண்டு இதைக் கேட்டால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் பார்த்த டவாலிகள் யாரும் எதற்கும் தலையாட்டும் ஆட்கள் இல்லை. இருந்தாலும் அவர் சொல்ல வந்தது புரிகிறது.

1922-ல் 'காந்தியும் அராஜகமும்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். இதில் நான் அவர் பக்கம் இல்லை. ஒத்துழையாமை இயக்கத்தை அவர் புரிந்துகொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். எங்கள் ஊர் அஞ்சலையம்மாள் அந்த இயக்கத்தில்தான் பொது வாழ்க்கைக்கு வந்தார். கைக்குழந்தையோடு ஜெயிலுக்குப் போன குடும்பங்கள் இந்த முதுநகர்த் தெருக்களில் இருந்தன. சட்டம் மீறினால் எல்லாம் குலைந்துவிடும் என்று பயப்பட்ட ஒரு சட்டக்காரரின் புத்தகம் அது. பிறகு 1928-ல் நாடே சைமனைத் திரும்பிப் போ என்றபோது, அந்தக் கமிஷனோடு உட்கார்ந்த இந்தியக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். இவற்றையெல்லாம் மறைத்து அவரை ஒரு படமாக்கி மாலை போடச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் அதே புத்தகத்தில் பஞ்சாப் கொடுமைகளுக்கு லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓட்வியர்தான் பொறுப்பு என்று எழுதியிருந்தார். ஓட்வியர் லண்டனில் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1924-ல் ஐந்து வாரம் விசாரணை. நாயருக்கு வயது அறுபத்தாறு. அவருக்காக வாதாடியவர் வால்டர் ஷ்வாப், அதற்குச் சற்று முன்புவரை நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. நீதிபதி மெக்கார்டி, அமிர்தசரஸில் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர் செய்தது சரிதான் என்று ஜூரியிடமே சொன்னார். பன்னிரண்டு ஜூரிகளில் பதினோரு பேர் ஓட்வியர் பக்கம். ஒருவர் மட்டும் மறுத்தார். ஹெரால்டு லாஸ்கி, லண்டனில் அரசியல் பாடம் நடத்திய பேராசிரியர்.

500 பவுண்டு நஷ்டஈடு, அதோடு செலவுத் தொகை ஏழாயிரம் பவுண்டுக்குப் பக்கம். மன்னிப்புக் கேட்டால் பணத்தை விட்டுவிடுகிறேன் என்றார் ஓட்வியர். நாயர் கேட்கவில்லை. கட்டினார்.

மூன்று பேரில் ஒருவராக மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவருக்கு, பன்னிரண்டு வருடம் கழித்து, கடல் தாண்டிய ஊரில், முன்பின் தெரியாத ஒருவர் பன்னிரண்டில் ஒருவராக மாறுபட்டு நின்றார். கோர்ட்டில் வேலை பார்த்தவளுக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. லாஸ்கியின் மறுப்பும் வழக்கின் முடிவை மாற்றவில்லை. ஆனால் அது பதிவில் இருக்கிறது. 1934 ஏப்ரல் 24-ல் நாயர் இறந்தார்.

இப்போது உங்கள் காரியத்துக்கு வருகிறேன்.

தீர்ப்பைத் தமிழில் தருவது நமக்குப் புதிதில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாம் முதல் நாவல் எழுதியவர் என்று மட்டும் வைத்திருக்கிறோம். அவர் கோர்ட்டில் ரெக்கார்டு கீப்பராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து முன்சீப் ஆனவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டு (உயர் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த மேல் கோர்ட்) தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862-ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். தட்டச்சு மிஷின் இல்லை, சட்டத் தமிழ் என்று ஒன்றே இல்லை. ஒரு முன்சீப் தனி ஆளாக உட்கார்ந்து ஐம்பத்தாறு வருடத் தீர்ப்புகளைத் தமிழாக்கினார். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் ஒரே ஒரு தீர்ப்பைச் செய்ய முடியாதா?

கீழமை நீதிமன்றங்களில் தமிழ் என்று 1976-லேயே சட்டத் திருத்தம் வந்தது. அதன் பிறகும் ஆங்கிலத்தில் அடித்த தீர்ப்புகள் எத்தனை என்று எனக்குத் தெரியும், அடித்தவளே நான்தான். உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் அந்த வாய்தா முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 2019 முதல் சில தீர்ப்புகளை வட்டார மொழிகளில் தருகிறது, அதில் தமிழும் இருக்கிறது. இந்த முயற்சிகளை நான் மதிக்கிறேன். ஆனால் பழைய தீர்ப்புகளை யாரும் தொடப் போவதில்லை. அரசாங்கத்துக்கு அதில் அவசரம் இல்லை. மிஷின் மொழிபெயர்ப்பில் வரும் தமிழை ஆயா ஒருத்திக்குப் படித்துக் காட்ட முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள். தொழில் தெரிந்த வக்கீல்தான் செய்ய வேண்டும்.

ஒரு மூத்த வக்கீலிடம் இதைச் சொன்னேன். நல்ல மனிதர். "இன்றைக்கு நடக்கிற கேஸுக்கே தமிழில் தீர்ப்பு வரவில்லை, நூறு வருடத்துப் பழைய கட்டு எதற்கம்மா?" என்றார். நான் அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன் ஐயா. தமிழில் தீர்ப்பு எழுதத் தயங்கும் இளம் நீதிபதிகள் சொல்லும் காரணம், பார்த்து எழுத முன்மாதிரி இல்லை என்பது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்குப் பின்னால் எம்.எல்.ஜே. அலமாரி இருக்கிறது. தமிழில் எழுதுபவருக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருக்கிறது. ஒரு தொகுதி, ஒரே ஒரு தீர்ப்பாவது அந்தச் சுவரில் ஏறட்டும். கடினமான வழக்கில், சாட்சியத்தை ஒன்றொன்றாக எடைபோட்டு, பெரும்பான்மையை மறுத்து எழுதிய தீர்ப்பாக அது இருந்தால் இன்னும் நல்லது.

வேலையை எப்படிப் பிரிக்கலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். முதலில் மூலம் வேண்டும். உயர் நீதிமன்றத்தின் பழைய பதிவுகளிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் அந்தக் காலத்துச் சட்டத் தொகுதிகளிலும் தேட வேண்டும். சென்னைக்கு கேஸுக்காக அடிக்கடி போகும் யாராவது ஒருவர் இதை எடுத்துக்கொள்ளுங்கள், நகல் செலவு என்னுடையது. தாள்கள் வந்த பிறகு ஆளுக்குப் பத்துப் பக்கம். ஜூனியர்கள் மொழிபெயர்க்கட்டும், சீனியர்கள் திருத்தட்டும். காலாப்பட்டு சட்டக் கல்லூரி மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம், புதுச்சேரி இல்லாமல் இந்த வழக்கே இல்லை. கலைச்சொற்களில் சண்டை வரும். வரட்டும். அப்ரூவர் என்பதை அப்ரூவர் என்றே எழுதுங்கள், கோர்ட்டுக்கு வரும் ஜனங்களுக்கு அதுதான் தெரியும். சதி, எதிரி, சாட்சி, கூண்டு, குறுக்கு விசாரணை, இவையெல்லாம் ஏற்கெனவே நம் வாயில் இருக்கும் சொற்கள்தான். எங்கே தடுக்கினாலும், சந்தேகம் வந்தாலும், அதை ஒரு கட்சிக்காரருக்கு எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள்.

தட்டச்சு முழுக்க நான் செய்கிறேன். கண் இன்னும் நன்றாக இருக்கிறது. இப்போது கார்பன் வேண்டாம், தப்பு வந்தால் நாலு தாளைத் தேய்க்கவும் வேண்டாம். என் மருமகள் கணினியில் தமிழ் விசைப்பலகை போட்டுத் தந்திருக்கிறாள், பழைய வேகம் வந்துவிட்டது.

முடிந்ததும் டிசம்பர் 14 அன்று, கோர்ட் கலைந்த பிறகு சாயங்காலம், வளாகத்திலேயே அதை உரக்கப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பாரதி இந்த ஊர்ச் சிறையில் இருந்து வெளியே வந்த நாள் அது. டீக்கடைத் தம்பிகள் மூவரும் ஆளுக்குச் சில பக்கம் படிக்கட்டும். கட்சிக்காரர்கள், குமாஸ்தாக்கள், டவாலிகள், எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரையும் உட்கார வையுங்கள்.

இந்த வருடமே முடியாவிட்டால் அடுத்த வருடம். ஆனால் மூலத்தைத் தேடும் வேலையை இந்த மாதமே ஆரம்பித்துவிடலாம். யார் சென்னை போகிறீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற சிரஸ்தார் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்